அந்தப் பெண்களின் குரலை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

'துராந்தோத்' என்ற ஓபராவின், அதாவது பாட்டாகவே நடக்கும் இசை நாடகத்தின், நூற்றாண்டை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அதில் வரும், இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'நெஸ்ஸுன் டோர்மா' பாட்டுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் இத்தனை இடம் கிடைத்ததில் மனசு நிறைந்தது. ஆனால் அது வெறும் வெற்றிப் பாட்டு என்று முடித்துவிட்டீர்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படி ஒரு பெயர் வந்ததற்குக் காரணம் தெரிந்ததுதான். இத்தாலியப் பாடகர் பவரொட்டி 1972-ல் நம் மும்பைக்காரர் சுபின் மேத்தா நடத்திய இசைக்குழுவோடு பதிவு செய்ததை, 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு பிபிசி முகப்பு இசையாக வைத்தது, அதோடு அது ஓபரா அரங்கைத் தாண்டி உலகம் முழுக்கப் போய்விட்டது. 1998 கிராமி விழாவில் பவரொட்டியால் வர முடியாமல் போக, அமெரிக்கப் பாடகி அரேத்தா பிராங்கிளின் கடைசி நேரத்தில் மேடையேறி அவருடைய சுருதியிலேயே பாடினார். அப்புறம் டிவி போட்டிகள், பரிசளிப்பு விழாக்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பள்ளி ஆண்டு விழாக்களில்கூடக் கடைசி அரை நிமிடத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள்.

வெட்டும்போது போவது எது தெரியுமா? பெண்களின் குரல். ஊருக்கு வந்த அந்நியனான காலாஃபின் பெயரை விடிவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் ஊரே சாக வேண்டும் என்பது இளவரசி துராந்தோத்தின் ஆணை. காலாஃப் ஜெயிக்கப்போகிறேன் என்று பாடிக்கொண்டிருக்க, வாத்தியங்கள் அவன் மெட்டை வாசிக்க, தூரத்தில் பெண்கள் 'நாங்கள் செத்துப்போவோமே' என்கிறார்கள். நம் வள்ளி கும்மியில் வாத்தியார் அடியெடுத்துக் கொடுக்க வட்டத்தில் நிற்கும் பெண்கள் வாங்கிப் பாடுவார்களே, அவர்களை எடுத்துவிட்டால் அது கும்மியா? அந்தப் பயமும் வீண்பயம் இல்லை. அதே இரவில், அந்தப் பெயரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அடிமைப் பெண் லியூ தன் உயிரையே விடுகிறாள். புச்சினி 1924-ல் இறந்தபோது இசையை அவளுடைய மரணம் வரைக்கும்தான் எழுதி முடித்திருந்தார், மீதியை அல்ஃபானோ என்ற இன்னொரு இசையமைப்பாளர் முடித்தார். 1926 ஏப்ரல் 25 அன்று மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் நடந்த முதல் அரங்கேற்றத்தில் இசைக்குழுவை நடத்திய தோஸ்கானினி அந்த இடத்திலேயே இசையை நிறுத்திவிட்டார்.

இன்னொன்று, ஓபராவில் இந்தப் பாட்டுக்குக் கைதட்ட இடமே விடவில்லை, இசை நிற்காமல் அடுத்த காட்சிக்குள் ஓடிவிடும். நாம் கேட்கும் அந்தப் பெரிய முடிவு கச்சேரிக்காகச் சேர்த்தது. உச்ச சுரத்தையும் புச்சினி குறுகியதாகத்தான் எழுதினார், நீட்டிப் பிடிப்பது பாடகர்களின் பழக்கம். நீட்டுவதில் எனக்கு வருத்தமில்லை, கேட்கச் சுகமாகவே இருக்கிறது.

அதனால் பள்ளிகளுக்கும் விழா நடத்துபவர்களுக்கும் உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். பாட்டை முழுசாகப் போடுங்கள், மூன்று நிமிடம்தான் ஆகும். மேடையில் பாடவைப்பதாக இருந்தால் கரோக்கி மட்டும் போதாது, நாலைந்து பெண் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி அந்த வரிகளையும் பாடவையுங்கள். ஓபராவிலும் அவர்கள் மேடைக்கு வெளியே நின்றுதான் பாடுகிறார்கள்.

ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்