துணைக்காலை நீ வந்து போடு

அன்பு மகளுக்கு,

பசியாறிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அனுப்பிய யானைப் படத்தை அம்மா மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தொடங்கி, ஓடும் வழியைக் கைப்பேசி வரைபடத்தில் பதிவுசெய்து, ஓடிய தெருக்களையே கோடாக்கி ஒரு யானையை முடித்திருக்கிறாய். காது அருமை. ஆனால் தும்பிக்கை நுனியில் கோடு தடித்திருக்கிறதே, அது முட்டுச்சந்துதானே? உள்ளே போய் அதே வழியில் திரும்பியிருக்கிறாய். முப்பது வருஷம் தபால் பையோடு சுற்றியவன் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது நீ எனக்கு 'சீனத் தபால்காரர் கணக்கு' என்று ஒன்றைச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? எல்லாத் தெருவுக்கும் ஒருமுறையாவது போய், மிகக் குறைந்த நடையில் தபால் நிலையத்துக்குத் திரும்புவது எப்படி என்று 1960-இல் ஒரு சீனக் கணித அறிஞர் கேட்ட கேள்வி. அதற்கு அடிப்படை 1736-லேயே ஆய்லர் என்ற கணித மேதை போட்டது என்றாய். மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் தெருக்கள் கூடும் இடங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், எங்காவது வந்த வழியிலேயே மறுபடி நடந்தாக வேண்டும். முட்டுச்சந்தின் கடைசியும் ஒற்றைப்படைதான். அதனால் அடுத்த முறை ஓட்டத்தை அங்கிருந்தே தொடங்கு. நான் வேலையில் இருந்தபோது கணக்குப் போடவில்லை, ஆனால் என் கால் அப்படித்தான் போனது.

சரி, இப்போது என் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கைப்பேசியை எடுத்துக்கொண்டு நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். 1786-இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் வந்திறங்கிய பிறகு முதலில் போட்ட தெருக்கள் நான்கும் ஒரு பெட்டி மாதிரி இருக்கும் அல்லவா? லெபோ லைட் (லைட் தெரு) முனையில் தொடங்கி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் தெற்கே இறங்கி, லெபோ சூலியாவில் கிழக்கே திரும்பி, லெபோ பந்தாயில் மணிக்கூண்டு வரை ஏறினேன். வரைபடத்தில் பார்த்தால் 'ப'. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஆனாலும் 'ப'தான். உன் பெயரின் முதல் எழுத்து. இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

முதல் தடவை சரியாக வரவில்லை. மழை தூறியதால், கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் அஞ்சடி நடைபாதையிலேயே போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோடு கடைகளுக்குள் புகுந்து, சுவரைத் தாண்டி, மறுபடி வெளியே வந்திருக்கிறது. 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞைக்குக் கூரை தடை. உயர்ந்த சுவரில் பட்டுத் திரும்பி வந்தால், கருவி தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிடும். லெபோ பந்தாயின் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவிலேயே இப்படி என்றால், கோலாலம்பூர் கோபுரங்களுக்கு நடுவில் உன் கோடு நடுங்குவதில் ஆச்சரியமே இல்லை. இரண்டாம் தடவை வானம் தெரிகிற பக்கமாக நடந்தேன். கோடு நேராக வந்தது.

பதிவை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் மறுபடி தொடங்கினால் நடுவில் நேர்க்கோடு விழும், அதை வைத்தும் சிலர் படம் வரைகிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. கால் படாத இடத்தில் கோடு எதற்கு?

அப்புறம், இதை மட்டும் தயவுசெய்து கேள். உன் வீட்டு வாசலில் பதிவைத் தொடங்காதே. எல்லாரும் பார்க்கிற வரைபடத்தில் உன் ஓட்டம் தினமும் ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தால், வீடு எது என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகூடத் தெரிகிறது என்று 2018-இல் செய்தி வந்ததே. வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி அந்தச் செயலியிலேயே இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடு. இருட்டில் ஓடும்போது காதில் பாட்டு வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்காதே. படம் கோணலாகப் போனால் போகட்டும், அம்மாவுக்கும் எனக்கும் நீ வேண்டும்.

இன்னொன்று. உன் பெயர் தொடங்குவது 'பா'வில் அல்லவா, நான் நடந்தது வெறும் 'ப'. வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். மணிக்கூண்டிலிருந்து கடலோரமாக வளைந்து பெங்காலான் வெல்ட் சாலையில் தெற்கே இறங்கினால் துணைக்கால் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எங்கேயும் நிறுத்த வேண்டியதில்லை, ஒரே கோடு. முழங்கால் வலியால் அன்றைக்கு மணிக்கூண்டோடு நின்றுவிட்டேன்.

தீபாவளிக்கு எப்படியும் பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து பெர்ரி ஏறுவாய். இறங்குகிற துறை இருப்பதும் பெங்காலான் வெல்டில்தான். பையை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே பதிவைத் தொடங்கு. எழுத்து கடைசியிலிருந்து முதலுக்கு வரும், பரவாயில்லை. நான் பையோடு லெபோ லைட் முனையில் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா