பழைய பெயரில் புதுப் பேனா: ஒரு மனு எழுத்தரின் புகார்

அனுப்புநர்:
மனு எழுத்தர்,
மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசல்,
திருவாரூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தங்கள் பேனா நிறுவனம்.

நாள்: 22.01.2025

பொருள்: பத்து ரூபாய் பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபிலையும் மையையும் சொல்லாமல் மாற்றியது – 100 பேனாக்களுக்குப் பணமும் பழைய ரீஃபிலும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். 22 வருடமாக மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் காலை எட்டு மணிக்கெல்லாம் மரத்தடியில் மேசை போட்டுவிடுவேன். குடவாசல், நன்னிலம், கோட்டூர், திருத்துறைப்பூண்டி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து ஜனங்கள் வருவார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், வாய்க்கால் தூர்வாருதல், தண்ணீரில் சாய்ந்த சம்பாவுக்கு நிவாரணம் என்று மதியத்துக்குள் 25, 30 மனு எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் கார்பன் வைத்து இரண்டு படி. ஒன்று உள்ளே போகும், மற்றொன்றை மனு கொடுத்தவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

11 வருடமாக இவ்வளவையும் உங்கள் பத்து ரூபாய் பேனாவில்தான் எழுதினேன். கடனே என்று வாங்கிய பேனா இல்லை, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

தொழில் தொடங்கியபோது வெள்ளை உடம்பும் நீல மூடியுமாக வந்த ரெனால்ட்ஸ் 045 வைத்திருந்தேன். எழுத்தில் குறையில்லை. ஆனால் அந்த ஒல்லி உடம்பைப் பிடித்து முப்பது மனு எழுதினால் சாயங்காலம் கட்டைவிரலும் நடுவிரலும் மரத்துப்போகும். அப்புறம் வேறு வேறு பேனாவாகப் பார்த்தேன். ஜெல் பேனா வெண்ணெய் மாதிரி ஓடியது, ஆனால் அதன் மை தண்ணீரில் கரைந்தது. ஐப்பசி மழையில் ஒரு சொட்டு விழுந்தாலே ஒரு வரி போய்விடும். தவிர, கார்பனுக்காக அழுத்தினால் அந்த ஊசிமுனை தாளையே கிழித்தது. மூன்று ரூபாய்க்கு வாங்கித் தூக்கிப் போடும் பேனா பத்து மனுவுக்கு மேல் தாங்கவில்லை. பேத்தியின் அப்பா வாங்கித் தந்த ஐம்பது ரூபாய் உலோகப் பேனாவில் உடம்பு மட்டும்தான் உசத்தி, உள்ளே இருந்தது சாதாரண ரீஃபில். என்னைப் போன்றவர்களுக்குப் பத்திலிருந்து இருபது ரூபாய்க்குள் ஒரு பேனா போதும், அந்தக் காசு முனைக்கும் மைக்கும் போயிருக்க வேண்டும். உங்கள் பேனா அப்படித்தான் இருந்தது.

கடைக்குப் போனால் பெரும்பாலும் தங்கள் கையெழுத்தைக் கிறுக்கிப் பார்த்துத்தான் பேனா வாங்குகிறார்கள். பழகிய கையெழுத்தை எந்தப் பேனாவும் போட்டுவிடும். நான் "பட்டா மாற்றம் செய்து தரும்படி" என்று எழுதிப் பார்ப்பேன். நாலே சொல்தான், அதில் ஐந்து புள்ளி இருக்கிறது. தமிழ் எழுதும் பேனாவுக்குப் புள்ளிதான் பரீட்சை. கோடு இழுக்கும்போது முனையிலுள்ள குண்டு உருண்டு தானாக மையைக் கொண்டுவரும். புள்ளியில் உருள இடமே கிடையாது, தொட்டவுடன் மை இறங்கியாக வேண்டும். ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான முறை பேனா தூக்கி வைக்கப்படுகிறது. தூக்கி வைக்கும்போதெல்லாம் திக்குகிற பேனாவில் "பட்டா" என்பது "படடா" ஆகிவிடும். முனை 0.5 மில்லிமீட்டர் என்றால் கிழிக்கும், 1.0 என்றால் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும். 0.7 தான் எனக்குச் சரி. உங்கள் பழைய பேனா 0.7, அது உடம்பிலேயே அச்சிட்டிருந்தது. இரவு முழுக்க மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் எழுதிப் பார்த்தேன், முதல் புள்ளியே விழுந்தது. அன்றைக்கு உங்களுக்கு வாடிக்கையாளர் ஆனவன்தான்.

அந்த மை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபின், ஓடு போனவர்கள், தென்னை போனவர்கள் என்று வாரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். தாளெல்லாம் நமுத்துப்போன காலம். மனுவின் நகலை நான் கொடுக்கும்போது, மேல் மூலையில் என்றைக்குக் கொடுத்தது, எந்தத் துறைக்கு என்பதை நேரடியாகப் பேனாவாலேயே எழுதித் தருவது வழக்கம். போன ஆனி மாதம் முத்துப்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் அன்றைய நகலைக் கொண்டுவந்தார். உரச்சாக்குத் துண்டில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தாராம். தாள் நாலு மடிப்பிலும் விரிசல் விட்டு, ஓரமெல்லாம் தண்ணீர்க் கறை படிந்து கிடந்தது. கார்பன் எழுத்து தேய்ந்து மங்கிவிட்டது. மூலையில் நான் எழுதிய தேதி மட்டும் நேற்று எழுதியது மாதிரி நீலமாக நின்றது, கறைக்குள்ளேயும் கலையவில்லை. "தம்பி, இது உன் எழுத்துதானே" என்றார். அன்றைக்கு உங்கள் கம்பெனியை மனதார வாழ்த்தினேன்.

இனி என் குறை.

தீபாவளிக்கு முன் வழக்கமான கடையில் 50 பேனா கொண்ட பெட்டி இரண்டு வாங்கினேன். அதே பெயர், அதே நிறம், அதே விலை. கையில் எடுத்தபோதே லேசாகத் தோன்றியது. எழுதியபோது முதல் வரியிலேயே வழுக்கியது. உள்ளே இருந்த பழைய ரீஃபிலையும் புது ரீஃபிலையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதன் முனை மஞ்சள் உலோகம், நீளமானது. புதியதில் வெள்ளை உலோகம், பாதி நீளம்தான். குழாயும் சன்னம். ரீஃபிலை ஆட்டினால் உள்ளே மை அசைவது தெரிகிறது, பழையதில் அப்படி அசைந்து நான் பார்த்ததில்லை. உடம்பில் 0.7 என்ற எழுத்தும் இல்லை. மூடியின் உச்சியில் இருந்த துளையும் போய்விட்டது. அது குழந்தைகள் மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சுக்கு வழி இருக்கட்டும் என்று வைப்பது. என் பேத்தி பேனா மூடியைக் கடித்துக்கொண்டுதான் படிப்பாள். துளையை எடுத்ததில் உங்களுக்கு என்ன மிச்சம் என்று எனக்கு விளங்கவில்லை.

நூறு பேனாவில் இதுவரை 68 எடுத்துவிட்டேன். கணக்கு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். 31 பேனா பாதி மை இருக்கும்போதே எழுத மறுத்தன. ஒன்பதில் குண்டே கழன்று விழுந்து, பின்னால் மை சட்டைப்பையில் இறங்கியது. மீதிப் பேனாக்கள் எழுதின, ஆனால் மை கக்கிக் கக்கி எழுதின. பழைய பேனா ஒன்றுக்கு 40 மனு கணக்கு. இதில் நல்லது என்று சொல்லக்கூடியதே 20 தாண்டவில்லை.

காசு நஷ்டத்தை நான் பெரிதாகச் சொல்லவில்லை. கார்த்திகையில் நடந்ததுதான் மனதில் கிடக்கிறது. கோட்டூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர், புருஷன் இல்லாத மகளுக்காகப் பட்டா மாற்ற மனு எழுத வந்தார். புல எண் 112/3. எழுதி முடித்து நகல் பிரித்துக் கொடுத்தேன். 3 எழுதிய இடத்தில் இடது பக்க வாய் இரண்டிலும் மை திட்டாக விழுந்து அடைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு அது 8. கார்பன் நகலில் 3 சரியாகத்தான் இருந்தது, அதைப் பார்த்து நான் நிம்மதியாக அனுப்பிவிட்டேன். 112/8 வேறொருவர் நிலம். மனு திரும்பி வந்தது. அவர் இரண்டு பஸ் மாறி மறுபடி வந்து, "ஒண்ணும் இல்ல தம்பி, இன்னொரு தடவ எழுதிடு" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கொடுக்க மடியிலிருந்து காசு எடுத்தார். நான் வாங்கவில்லை. 22 வருடத்தில் என் எழுத்தால் ஒருவர் மனு திரும்பியது அதுதான் முதல் தடவை.

பெட்டியில் இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "புது மை சார், வழுவழுன்னு எழுதணும்னு கஸ்டமர்ங்க கேட்டதால மாத்தினோம், பேனாவை வெயில்ல வைக்காதீங்க" என்றார்கள். வெயிலில் வைக்காமல் நான் எங்கே வைப்பேன்? சித்திரை, வைகாசி என்றால் இங்கே மர நிழலிலும் காற்று கொதிக்கும். மார்கழிப் பனியில் தாள் ஈரம் பிடிக்கும். திருவாரூர்க் கடையில் விற்கும் பேனா திருவாரூர் வெயிலிலும் மழையிலும் எழுத வேண்டாமா?

பால்பாயிண்ட் பேனாவின் சங்கதியே கெட்டி மைதான். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஹங்கேரிக்காரரான லாஸ்லோ பிரோ ஒரு பத்திரிகையாளர். அச்சு மை உடனே காய்கிறதே, தன் ஊற்றுப்பேனா மை மட்டும் தாளில் தீற்றுகிறதே என்றுதான் யோசிக்கத் தொடங்கினார். கெட்டி மை நிப்பில் இறங்காது என்பதால் முனையில் ஒரு குண்டை வைத்து, வேதியியல் தெரிந்த சகோதரரோடு சேர்ந்து அதற்கேற்ற மையைத் தயாரித்து, 1938 இல் காப்புரிமை பெற்றார். குண்டும் அது உட்காரும் கிண்ணமும் மையின் கெட்டித்தனமும் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் பேனா. மையை இளக்கினால் கிண்ணத்தின் விளிம்பை அதற்குத் தக்கபடி இறுக்க வேண்டும். உங்கள் புது முனையில் அந்த விளிம்புதான் நிற்கவில்லை என்பது என் அனுமானம். கார்பனுக்காக நான் அழுத்தும் அழுத்தத்தில் விளிம்பு தேய்கிறது, இளகிய மை பீறிட்டு வருகிறது, கடைசியில் குண்டும் கழன்று விழுகிறது. டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான பொருளில் செய்த குண்டு லேசில் தேயாது. அதைப் பிடித்திருக்கும் உலோகம்தான் தேயும். கழன்று விழுந்த ஒன்பது முனைகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

வழுவழுப்பு வேண்டுபவர்களுக்கு அப்படி ஒரு பேனா போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு பெயரில் போடுங்கள். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அது பிடிக்கலாம். கார்பன் வைத்து எழுதும் ரைஸ் மில் கணக்கரும், சுயஉதவிக்குழு ரொக்கப் புத்தகம் எழுதும் பெண்ணும், நானும் பழையதைத்தான் கேட்கிறோம். ஆவணம் எழுதும் பால்பாயிண்ட் பேனாவுக்கென்றே, சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 12757 தரத்தில் இரண்டாம் பகுதி இருக்கிறது. தண்ணீர், வெளிச்சம், அழித்தல் இவற்றுக்கெல்லாம் மை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் பத்து ரூபாய் பேனா அதற்கு உட்பட்டதா இல்லையா என்று பெட்டியில் ஒரு வரி போட்டால் எங்களுக்கு வாங்கத் தெரியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டு பெட்டிக்கும் கொடுத்த 1,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், மீதமுள்ள 32 பேனாவையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பழைய ரீஃபிலைத் தனியாகவாவது கடைக்கு அனுப்புங்கள், இந்த உடம்பில் அது அப்படியே பொருந்துகிறது, நானே போட்டுப் பார்த்துவிட்டேன். முனையின் அளவை மறுபடி பேனா மேல் அச்சிடுங்கள். மூடியில் துளையை வையுங்கள். இனி ரீஃபிலையோ மையையோ மாற்றினால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மாற்றியிருந்தால் ஒரே ஒரு பேனா வாங்கி எழுதிப் பார்த்திருப்பேன், நூறு வாங்கியிருக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று பதில் எழுத வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் சொல்லியிருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. மற்றவர்களுக்கு மனு எழுதியே பழகியவன் நான், எனக்காக ஒன்று எழுதும் நிலைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைப் பழைய பெட்டியில் மிஞ்சிய பேனாவில் எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் "பட்டா மாற்றம் செய்து தரும்படி" என்று பழைய பேனாவில் பத்து வரி, அதற்குக் கீழே புதுப் பேனாவில் பத்து வரி எழுதி வைத்திருக்கிறேன். எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது என்று தயவுசெய்து நீங்களே எண்ணிப் பாருங்கள். பழைய பேனாவில் ஐம்பதும் இருக்கின்றன. புதியதில் முப்பத்தேழு.

இணைப்பு: கடை ரசீது நகல், குண்டு கழன்ற பேனாக்கள் ஒன்பது, பழைய ரீஃபில் ஒன்று, பேனா எண்ணிக்கை குறித்த நோட்டுப் பக்கத்தின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் 11 ஆண்டு வாடிக்கையாளர்,
மனு எழுத்தர், திருவாரூர்.