11-ஆம் வகுப்பு மனையியல்: வீட்டுக் கணக்கு நோட்டு தொடர்பாகப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பிள்ளை மனையியல் உள்ள பிரிவில் சேர்ந்திருக்கிறார். "சமைக்கவும் தைக்கவும் கற்றுக்கொள்ள இரண்டு வருஷமா?" என்ற கேள்வி சேர்க்கையின்போது பல வீடுகளில் எழுந்தது. பாடத்தில் உணவூட்டம், குழந்தை வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை, துணியியல் எல்லாம் உண்டு; அடுப்பு பற்றவைப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். மதிப்பெண்ணும் மற்ற செய்முறைப் பாடங்களைப் போலத்தான்: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மாணவர்களும் மாணவிகளும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். "என் பையனுக்கு வேறு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வர வேண்டாம்.

இந்தக் கடிதத்தின் முக்கிய விஷயம் கணக்கு நோட்டு. வரும் 1-ஆம் தேதி முதல் 30 நாள்களுக்கு ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு வரவு செலவை எழுதப் போகிறார். நீங்கள் ஒத்துழைக்காமல் இது நடக்காது.

நீள நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தேதி, பொருள், அளவு, ரொக்கமா ஜிபேயா, தொகை என்று ஐந்து பத்திகள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் 5 நிமிடம் ஒதுக்கி, அன்று கையிலிருந்து போன பணத்தைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஜிபேயில் போனது போனிலேயே இருக்கும், அதைப் பார்த்து எழுதலாம். மறந்துபோவது ரொக்கமாகக் கொடுத்த 10, 20 ரூபாய்கள்தான்: பூ, டீ, ஷேர் ஆட்டோ, சைக்கிளுக்குக் காற்று.

தவறுகள் எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறேன். 29-ஆம் நாள் இரவு உட்கார்ந்து ஒரே பேனாவில் மாதம் முழுவதையும் எழுதிய நோட்டு பார்த்தவுடன் தெரிந்துவிடும். 200, 500, 1,000 என்று முழுத் தொகைகளாகவே வரும். காய்கறிக் கடையில் யாருக்கும் தினமும் முழுத் தொகையாக ஆவதில்லை.

கடையில் பற்று வைத்து வாங்கினால், வாங்கிய அன்றே பொருளையும் விலையையும் செலவில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் பணம் கட்டும்போது 'பற்று அடைத்தது' என்று குறிப்பு மட்டும் போதும், கூட்டலில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஒரே அரிசிக்கு இரண்டு முறை செலவு காட்டியதாகிவிடும்.

சில செலவுகள் மாதக் கணக்கில் நேராக அடங்காது. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, பாதியை எழுதுங்கள். பள்ளி, கல்லூரிக் கட்டணம், வண்டிக் காப்பீடு, தீபாவளித் துணி ஆகியவற்றை 12-ஆல் வகுத்து ஒரு பங்கை எழுதுங்கள். 14.2 கிலோ எரிவாயு உருளை மாட்டிய தேதியையும் தீர்ந்த தேதியையும் குறித்தால், விலையை நாள்களால் வகுத்து ஒரு நாள் அடுப்புச் செலவைக் கண்டுபிடித்துவிடலாம்.

ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. தொகையில் 0 என்று போட்டாலும் எத்தனை கிலோ என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைத்த மாதமும், அவை வராமல் வெளிக்கடையில் வாங்கிய மாதமும் ஒன்றல்ல. மகளிர் உரிமைத் தொகை, முதியோர் உதவித்தொகை எல்லாம் வரவுப் பக்கம் வரும். மொய் வந்தால் வரவு, வைத்தால் செலவு.

அதிகம் குழம்புவது சீட்டுப் பணத்தில். சீட்டு இன்னும் எடுக்காதவர் மாதாமாதம் கட்டுவது சேமிப்பு. எடுத்துவிட்டவர் கட்டுவது கடன் தவணை. தொகை ஒன்றுதான், ஆனால் நோட்டில் போக வேண்டிய தலைப்பு வேறு. எடுத்த சீட்டைச் சேமிப்பில் எழுதிவிட்டு, 'மாதம் 5,000 மிச்சம் பிடிக்கிறோம்' என்று நம்பிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

'இதர செலவு' என்ற தலைப்பு மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஆசிரியர் நோட்டைத் திருப்பித் தருவார். அந்தத் தலைப்புக்குள் பெரும்பாலும் என்ன ஒளிந்திருக்கும் என்பது அப்பாக்களுக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம், தொகை சரியாக இருந்தால் போதும்.

வட்டியை வகுப்பில் தனியாகக் கற்றுத்தருகிறோம். தண்டல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 என்று பேசி, 1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, கையில் 8,500 தருகிறார்கள். தினம் 100 வீதம் 100 நாளில் அடைக்க வேண்டும். கேட்பதற்கு '15 பெர்சென்ட்' போலத் தோன்றும். அசல் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது, காலமும் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம்தான். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி சுமார் 120 விழுக்காடு. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24. நகைக்கடன் எடுப்பதற்கு முன் அதன் வட்டியையும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அவர் கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள்.

இரண்டாவது வேலை உணவுப் பதிவு. மூன்று நாள்கள்: இரண்டு பள்ளி நாள், ஒரு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எழுதினால் கறிக்குழம்பு தயவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் புரதம் போதுமானதாகத் தெரியும். வீட்டுக் கிண்ணத்திலும் டம்ளரிலும் எத்தனை மில்லி பிடிக்கும் என்று முதலில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ள வேண்டும். அளவுக் குவளை பள்ளியிலிருந்து கொடுத்தனுப்புவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரும்புச்சத்து 32 மில்லிகிராம், பையனுக்கு 26. காலையில் டீயும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டு வரும் பிள்ளை இந்த அளவின் பக்கத்தில்கூடப் போவதில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடலில் சரியாகச் சேராமல் போகிறது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும், சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். பெண் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சத்து டானிக்கைக் கடையில் நீங்களாக வாங்கித் தர வேண்டாம்.

குழந்தை வளர்ப்புப் பாடத்தில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்வது செய்முறையாக வருகிறது. காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை 6, தலைதட்டிய டீஸ்பூனில் பாதி உப்பு. ஸ்பூனைக் கத்தி முதுகால் வழித்துவிடாமல் குவித்துப் போடுவதுதான் வழக்கமான பிழை. சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும், உப்பு கூடினால் குழந்தைக்கே ஆபத்து. வாயில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கடையில் வாங்கும் 1 லிட்டர் பொட்டலத்தில் கொஞ்சத்தை மட்டும் டம்ளரில் கலக்குவதும் தவறு. முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

சட்டத்துக்கென்று இரண்டு வகுப்புகள் உண்டு: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற திருமண வயது, 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம். குழந்தைகள் உதவி எண் 1098 நோட்டின் பின்னட்டையில் எழுதப்பட்டிருக்கும். அதைக் கிழிக்க வேண்டாம்.

நோட்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். மனையியல் ஆசிரியர் மட்டும்தான். அட்டையில் பெயருக்குப் பதில் ஓர் எண் இருக்கும், மதிப்பெண் போட்டதும் வீட்டுக்குத் திரும்பிவிடும். வகுப்பில் யாருடைய வருமானமும் வாசிக்கப்படாது. மதிப்பெண் கணக்கின் ஒழுங்குக்குத்தான், வீட்டில் மிச்சம் இருக்கிறதா கடன் இருக்கிறதா என்பதற்கு இல்லை. சொந்தக் கணக்கைக் காட்ட விருப்பமில்லாத வீடுகளும் விடுதி மாணவர்களும் ஆசிரியர் தரும் மாதிரிக் குடும்பக் கணக்கை எழுதலாம். காரணம் கேட்க மாட்டோம். பாட்டியிடமோ அத்தையிடமோ வளரும் பிள்ளைகள் பாடத்துக்காக வரையும் குடும்பப் படத்தில் அந்த வீட்டில் இருப்பவர்களே இருந்தால் போதும்.

பட்டப்படிப்பு பற்றி ஒரு வார்த்தை. கோவை அவினாசிலிங்கம் போன்ற நிறுவனங்களில் மனையியல், உணவியல் பட்டங்கள் உண்டு. சில படிப்புகளுக்கு 12-ஆம் வகுப்பில் வேதியியலோ உயிரியலோ கட்டாயம் என்பதால், பிரிவு மாற்ற நினைப்பவர்கள் முதலில் கல்லூரியின் தகுதி விதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இணைப்புச் சீட்டில் 'சொந்தக் கணக்கு' அல்லது 'மாதிரிக் கணக்கு' என்பதில் ஒன்றை வட்டமிட்டு, கையெழுத்திட்டு, இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்; கூட்டலைப் பிள்ளையே போடட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்