உன் ரெசிபி கோப்பைத் திறந்து பார்த்தேன்

டேய் மகாராஜா,

பதில் போடாமல் இத்தனை நாள் இருந்ததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். வழக்கமான சாக்குகள்தான், புதிதாக ஒன்றும் இல்லை. இங்கே எல்லாரும் நலம். புரொபசர் மட்டும் இன்னும் அந்த லேப்டாப்போடு மல்லுக்கட்டுகிறான். தெரியாமல்கூட அதைப் பற்றிக் கேட்டுவிடாதே.

சரி, விஷயம். தொழிற்சாலை கட்டும் ஃபேக்டோரியோ ஆட்டத்துக்கு நீ எழுதிய மாட் பற்றித்தான், அதாவது புது உலைகளைச் சேர்க்கும் அந்தக் கூடுதல் நிரல். "மாட் செத்துப்போச்சு, விட்டுட்டேன்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தாயே, படித்ததும் கோபம்தான் வந்தது. ஃபேக்டோரியோ 2.0 வந்தது 2024 அக்டோபரில். அதோடு மாட் எழுதும் முறையும் மாறியது. முன்பு ரெசிபியில், அதாவது எதைச் சேர்த்து எதைச் செய்வது என்ற குறிப்பில், சேர்மானத்தைப் பெயர், எண்ணிக்கை என்று இரண்டே துண்டாக எழுதலாம். இப்போது வகை, பெயர், அளவு மூன்றையும் விரித்து எழுத வேண்டும். வெளிவரும் பொருளைச் சொல்லும் ஒற்றை 'ரிசல்ட்' போய் 'ரிசல்ட்ஸ்' பட்டியல் வந்துவிட்டது. இதற்காகவா ஒருவன் கையைக் கழுவுவான் என்று நினைத்தேன்.

அப்புறம் உன் கோப்பைத் திறந்தேன். ஏன் விட்டாய் என்று புரிந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே ரெசிபி. பெயரும் எண்ணும் மட்டும் வேறு. காப்பி பேஸ்ட் செய்யும்போது உனக்குக் கை வலிக்கவே இல்லையா? அத்தனையையும் கையால் திருத்தச் சொன்னால் யாருக்கும் வெறுத்துத்தான் போகும்.

அதனால் திரும்பத் திரும்ப வரும் வேலையைத் தானே செய்யும் சின்ன நிரல், ஒரு ஹெல்ப்பர் ஃபங்ஷன், எழுதினேன். பெயர், சேர்மானங்கள், வெளிவரும் பொருள், நேரம் ஆகியவற்றை ஒரு டேபிளாக, அதாவது ஒரே தொகுப்பாக, கொடுத்தால் மிச்சத்தை அதுவே நிரப்பும். சேர்மானத்தை நீ பழைய சுருக்க வடிவிலேயே எழுதலாம்; திரவமாக இருந்தால் மட்டும் வகையைச் சொல். புது வடிவத்துக்கு மாற்றுவது ஃபங்ஷனின் பாடு. நாளைக்கு அவர்கள் மறுபடி மாற்றினாலும் நீ திருத்த வேண்டியது அந்த ஓர் இடம்தான்.

உலைகள்தான் பெரிய கூத்து. புது உலை ஒன்று வேண்டுமென்றால் எண்டிட்டி (தரையில் நிற்கும் உலை), ஐட்டம் (கையில் வைத்திருக்கும் பொருள்), ரெசிபி என்று மூன்று எழுத வேண்டும்; மூன்றிலும் பெயர்கள் சரியாகப் பொருந்த வேண்டும். மூன்றாவது உலையில், திரும்ப எடுத்தால் என்ன கிடைக்கும் என்று சொல்லும் 'மைனபிள்' பகுதியை நீ மாற்றவே இல்லை. ஆட்டக்காரன் பாடுபட்டுச் செய்த உலையை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் கையில் வருவது சாதாரணக் கல் உலை! இதைத்தான் 'பேலன்ஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தாயா? இன்னொரு இடத்தில் ஆட்டத்தின் அசல் உலையை ஒரு லோக்கல் மாறியில் வைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறாய். மாட் எழுதும் லுவா மொழியில் டேபிளுக்கு இன்னொரு பெயர் வைத்தால் நகல் ஆகிவிடாது. வேகம் கூடியது அசல் உலைக்கு. இப்போது ஹெல்ப்பர் முதல் வேலையாக டீப்காப்பி, அதாவது முழு நகல், எடுத்துவிட்டு, மூன்றுக்கும் ஒரே பெயரைத் தானே வைத்துவிடும்.

இதைச் சொன்னதும் புரொபசருக்கும் ஆசை வந்துவிட்டது. தானும் ஒன்று எழுதி அனுப்பினான். அதில், ரெசிபி முதலிலேயே திறந்திருக்குமா என்று சொல்லும் 'ஈனேபிள்ட்' மதிப்புக்கு எதிரே 'ஆர் ட்ரூ' (இல்லையென்றால் ட்ரூ) என்று போட்டிருந்தான். ஃபால்ஸ் கொடுத்தாலும் அது ட்ரூவாகத்தான் வெளியே வரும். ஆராய்ச்சி முடித்துத் திறக்க வேண்டிய ரெசிபிகள் எல்லாம் ஆட்டம் தொடங்கியதுமே திறந்து கிடந்தன. மதிப்பே கொடுக்காத 'நில்' தானா என்று பார்த்துவிட்டு அப்புறம் ட்ரூ வை என்றேன். "எளிமையான ஆட்டம்டா" என்கிறான்.

அவன் அதோடு விடவில்லை. அழைக்கும் வரியின் கடைசியில் ட்ரூ, ஃபால்ஸ், நில், ட்ரூ என்று நீளமாகப் போகிறது. எது எதற்கு என்று அவனுக்கே தெரியாது. சேர்மான அளவுகளையும் உலையின் நிலை (லெவல்) எண்ணைப் பெருக்கும் சூத்திரத்துக்குள் ஒளித்துவிட்டான். இதைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் சீரியஸாகவே பேச வேண்டும். எல்லா ரெசிபிக்கும் வடிவம் ஒன்றுதான், அது ஃபங்ஷனுக்குள் போகட்டும். ஆனால் ஏதோ இரண்டு ரெசிபிக்கு இப்போது 8 வினாடி என்பது தற்செயல். விளையாடிப் பார்த்து ஒன்றைக் குறைத்தால் மற்றதும் சேர்ந்து குறையக் கூடாது. இரவெல்லாம் உட்கார்ந்து நீ தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்த அந்த எண்கள்தானே உன் மாட்? அவை ரெசிபி கோப்பில் கண்ணெதிரே இருக்கட்டும். பிறகு வேறு யாராவது இதை எடுத்து நடத்த வந்தாலும் அங்கேதான் தேடுவான்.

இன்னொன்று. தவறான பெயர் கொடுத்தால் ஹெல்ப்பரே எர்ரர் எறியும். லுவாவின் எர்ரர் ஃபங்ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக 2 கொடுத்திருக்கிறேன். அப்போதுதான் ஹெல்ப்பரின் வரியைக் காட்டாமல் நீ அழைத்த வரியைக் காட்டும். இல்லையென்றால் எர்ரர் வரும்போதெல்லாம் என்னைத் திட்டுவாய்.

கோப்புகளை இத்தோடு அனுப்பியிருக்கிறேன். உலைகளின் பெயரை அழகுபடுத்துகிறேன் என்று கிளம்பாதே. பழைய பெயர் எந்தப் புதுப் பெயராக மாறியது என்று சொல்லும் மைக்ரேஷன் கோப்பு இல்லாமல் பெயரை மாற்றினால், பழைய சேவில் (சேமித்து வைத்த ஆட்டத்தில்) இருக்கும் உலைகள் எல்லாம் காணாமல் போய்விடும். ஆட்டம் ஓடும்போது இயங்கும் கண்ட்ரோல் கோப்பில், மாட் தன் தகவலைச் சேமிக்கும் 'குளோபல்' இப்போது 'ஸ்டோரேஜ்' ஆகிவிட்டது. அதை நான் தொடவில்லை, அது உன் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடி, சேர்ந்து ஓட்டிப் பார்ப்போம். புரொபசரையும் கூப்பிடு. லேப்டாப்பைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்