சகோதரச் சங்க லாட்ஜ் நினைவுகளைப் பகிருங்கள்

நண்பர்களே, இந்த வாரம் சகோதரச் சங்கங்களின் உதவிப் பணிகளைப் பற்றிப் பேசலாம். உறுப்பினர்கள் சந்தா கட்டி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்புகள் இவை; இவற்றின் கிளைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர், தங்கும் விடுதி அல்ல. 1819-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தாமஸ் வைல்டி தொடங்கிய ஆட் ஃபெலோஸ் என்ற சங்கத்தின் லாட்ஜில் கடமைகள் தெளிவாக இருந்தன: நோயாளியைப் போய்ப் பார்ப்பது, கஷ்டப்படுபவருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதைக் குழந்தையைப் படிக்கவைப்பது. காப்பீடு எட்டாத அந்தக் காலத்தில் உறுப்பினர்களின் சந்தாதான் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. ஷ்ரைனர்கள் என்ற இன்னொரு அமெரிக்கச் சகோதரச் சங்கத்தினர் 1922-இல் ஷ்ரீவ்போர்ட் நகரில் குழந்தைகளுக்கு மருத்துவமனையே திறந்தார்கள்.

இந்தச் சங்கங்களின் ரகசியக் கைகுலுக்கல் கதைகள் போதும், அதை எல்லாரும் பேசியாயிற்று. உங்கள் தாத்தாவோ அப்பாவோ லாட்ஜில் இருந்தார்களா? என்ன உதவி செய்தார்கள்? பழைய படம், சந்தாப் புத்தகம் இருந்தாலும் போடுங்கள். உதவி பெற்றவர்களின் பெயர் மட்டும் வேண்டாம். அப்புறம், ஃபார்வர்டுகளும் வேண்டாம். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி.