பந்தியா, பொட்டலமா?

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மழை நன்றாகப் பெய்து குளம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது.

ஊரில் இப்போது அசனம், அதாவது கோயிலில் எல்லாரும் கூடி உண்ணும் விருந்து, பற்றித்தான் பேச்சு. இந்த வருஷம் நம் சபைக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பந்தி வேண்டாம், ஆராதனை முடிந்து போகும்போது ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். வேலைக்கு ஆள் இல்லையாம். அது உண்மைதான், பையன்கள் எல்லாம் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

முந்தின நாள் ராத்திரி கோயில் வளாகத்தில் நடப்பதை நீ மறந்திருக்க மாட்டாய். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், பாட்டு தானாக வரும். விடியும் முன்னே சோற்றை வடித்துப் புது ஓலைப்பாயில் கொட்டுவார்கள், ஆவி பறக்கும். சபைப் போதகரான ஐயர் ஜெபித்த பிறகுதான் ஓலைப்பெட்டியில் அள்ளுவார்கள். போன வருஷம், வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வரிசையில் பரிமாற வந்தார்கள். அண்ணன் சோறு போட, பின்னாலேயே தம்பி கறிக்குழம்பு ஊற்றினான். “கொஞ்சம் மெதுவாப் போ, குழம்பு சிந்துது” என்றான் தம்பி. அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். பொட்டலத்தில் இது நடக்குமா?

வேதத்தைப் பார். கொரிந்து சபையில் பணக்காரர் முந்திச் சாப்பிட, இல்லாதவர் பசியோடு இருந்தார்கள். “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்று பவுல் எழுதினது அதற்காகத்தான். இராப்போஜனத்தைப் பற்றிச் சொல்கிற அதே அதிகாரத்தில்தான் இதுவும் வருகிறது. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்ததும், யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு பந்தியை விட்டு விலகினதற்காகத்தான்.

நம் பக்கத்துச் சரித்திரமும் அப்படியே. 1847-இல் மதுரை அமெரிக்கன் மிஷன், ஊழியர்கள் சாதி பாராமல் கூடி உண்ண வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. சபைகளில் வேதம் போதித்துவந்த பல உபதேசியார்கள் மாட்டேன் என்றார்கள், வேலையும் போனது. ஜெபத்திலும் பிரசங்கத்திலும் தெரியாத சாதி இலைக்கு முன்னால் தெரிந்துவிட்டது. நம் ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார எவ்வளவு காலம் ஆயிற்று! அதைச் சிரமம் என்று சொல்லி விட்டுவிடலாமா?

கமிட்டியில் இதைச் சொன்னேன். “சரி, பரிமாற ஆள் கொண்டு வாங்க, பந்தியே வைப்போம்” என்றார் ஐயர். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அங்கே உள்ள நம் ஊர்ப் பிள்ளைகளிடம் பேசு. பத்துப் பேராவது ஒரு நாள் முன்னதாகவே வந்தால் போதும். தங்க இடம் நான் பார்த்துக்கொள்கிறேன். அரிசிக்கும் ஆட்டுக்கும் ஏற்கெனவே ஆள் பொறுப்பெடுத்துவிட்டார்கள்.

அப்புறம், மூட்டுவலிக்குத் தைலம் கேட்டிருந்தாயே, வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது தருகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய சிநேகிதன்