மக்கள் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நல்ல திட்டங்களைக்கூட நம் மக்கள் எதிர்ப்பதற்குச் சுயநலமும் அறியாமையும்தான் காரணம், அபராதத்தைக் கூட்டினால் எல்லாம் வழிக்கு வந்துவிடும் என்ற பொருளில் தங்கள் இதழில் சென்ற வாரம் தலையங்கம் வந்திருந்தது. குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். தடுப்பூசி வேண்டாம் என்றவர்களின் வீட்டுத் திண்ணையிலேயே என் பணிக்காலத்தில் பாதி கழிந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன். தலையங்கத்தின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர் வரை எல்லோருக்கும் ஓர் ஊசி. பள்ளியிலேயே போட ஏற்பாடு. அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊசிக்கு எதிரான குரல் பதிவுகள் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெற்றோர் கேட்டுக்கு வெளியே கூடிவிட்டார்கள். அதில் பூ கட்டி விற்கும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நர்சம்மா, அந்த நோவு புள்ளத்தாச்சிக்கு வந்தாத்தான் ஆபத்துன்றீங்க. என்னுது ஆம்பளப் பையன். அவனுக்கு எதுக்கு ஊசி?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியுமா? பொதுநலத் திட்டம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற கேள்வி இதுதான். ரூபெல்லா சிறு பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்போடு போய்விடும். அந்தப் பிள்ளையிடமிருந்து கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தொற்றினால், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று எதுவும் வரலாம். வலி இந்த அம்மாவின் பையனுக்கு. ரூபெல்லாவைப் பொறுத்தவரை பலன் யார் வீட்டிலோ பிறக்கப்போகிற குழந்தைக்கு. எந்தத் தாயும் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்வாள்.

"உன் பெரிய பொண்ணு முழுகாம இருந்தா இங்கதானே வரும்? இவன்கூடத்தானே இருக்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சாயங்காலம் இவனுக்கு ஜுரம் வந்தா நீ வருவியா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். பையனை உள்ளே அனுப்பினார். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் இல்லை, கை மட்டும் வலிக்கிறது என்றான். மறுநாள் அந்தத் தெருவிலிருந்து மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு விளக்கம் பாதிதான். கெடுதல் வந்தால் யார் வந்து நிற்பார்கள் என்பதுதான் மீதிப் பாதி. ஊசி போட்டால் மலடாகிவிடும் என்ற பயமும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையின்போது நாட்டின் பல பகுதிகளில் இலக்கு வைத்து ஆள் பிடித்துக் கருத்தடை செய்தார்கள். அப்படிப் பிறந்த பயம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நீடிக்கிறது.

போலியோவை அபராதம் போட்டா ஒழித்தோம்? சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் போன்றவர்கள் அதற்காகப் பாடுபட்ட ஊர் நம் வேலூர். தெரிந்த முகங்கள் மறுபடி மறுபடி வீட்டுக்கு வந்ததால்தான் தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைத் திறந்து காட்டினார்கள். 2011 ஜனவரியோடு நாட்டில் அந்த நோய் நின்றது. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழும் வந்தது.

இன்னொன்று, அடி விழுவது யார் மேல் என்பது. தோல் ஆலைக் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கிய ஊர்களில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. தோல் தொழில் இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது, அதை மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்து, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதே பாலாற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக, 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். ஒரு தலைமுறையே வளர்ந்து கல்யாணம் கட்டிக்கொண்டுவிட்டது.

இதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம்தான் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை என்று சொன்னோம். தேவையான சட்டம், மனதார ஆதரிக்கிறேன். ஆனால் தடை வந்தபோது பால், தயிர், எண்ணெய் பாக்கெட்டுகளுக்கு விலக்கு இருந்தது. சந்தையில் கொத்தமல்லி விற்கும் கிழவியின் கவருக்கு விலக்கு இல்லை. "ஆத்தையே நாசம் பண்ணவங்கள கேக்கல, என் கவரத்தான் கேக்கறாங்க" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. குப்பை விஷயமும் அப்படித்தான். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்த வீட்டுக்காரர் கண் முன்னாலேயே இரண்டையும் ஒரே வண்டியில் கொட்டினால், அடுத்த வாரம் அவர் எதற்குப் பிரிப்பார்?

அபராதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹெல்மெட் போடாமல் போகிறவரிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. தண்டனை முதலில் பெரியவர்களிடம் தொடங்கட்டும், விளக்கம் எளியவர்களிடம் தொடங்கட்டும் என்கிறேன்.

அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடத்தான் கூடுகிறது. தீர்மானத்தை வாசித்துக் கையெழுத்து வாங்குவதோடு பல ஊர்களில் முடிந்துவிடுகிறது. புதிய விதி வந்தால் அதனால் யாருக்கு என்ன செலவு, பாதிப்பு வந்தால் யாரைத் தேடிப் போவது, வசூலாகும் அபராதம் எங்கே போகிறது என்று அங்கே சொல்லட்டும். எங்கள் ஊராட்சியில் இதுவரை வசூலான பிளாஸ்டிக் அபராதக் கணக்கை அடுத்த கிராம சபையில் வாசிக்கும்படி மனு கொடுத்திருக்கிறேன். அன்று தங்கள் குடியாத்தம் நிருபரை அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.